கை எட்டும் தூரம்: 1978 பாரிஸ் குளியலறை விபத்து - ஒரு நிகழ்வு ஆய்வு

1978 மார்ச் 11, சனிக்கிழமை. பாரிஸின் 16-வது வட்டாரத்தில், புல்வார் எக்செல்மான் சாலையில் உள்ள தன் வீட்டில் குளித்துக்கொண்டிருந்த பாடகர் கிளோத் பிரான்சுவா மின்சாரம் தாக்கி இறந்துபோனார். வயது 39. சுவிட்சர்லாந்தின் லேசானில் பிபிசிக்காக ஒரு நிகழ்ச்சிப் படப்பிடிப்பை முடித்துக்கொண்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். அன்றைக்கு மிஷேல் த்ருக்கேரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக அவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு அவர் பெயர் அவ்வளவு பழக்கமில்லை. ஃபிராங்க் சினாட்ராவின் பெயரோடு ஒட்டிப்போன ஒரு புகழ்பெற்ற ஆங்கிலப் பாட்டின் பிரெஞ்சு மூலத்தை 1967-ல் பாடியவர் இவர். எகிப்தின் இஸ்மாயிலியாவில் பிறந்தவர். சொந்த இசைத்தட்டு நிறுவனம், சொந்தப் பத்திரிகை என்று பிரான்சில் கொடிகட்டிப் பறந்தவர். 1975-ல் லண்டன் ஹில்டன் ஹோட்டலில் குண்டு வெடித்தபோது அங்கே இருந்து தப்பியவர். 1977-ல் அவர் காரை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள், அதிலும் தப்பினார். கடைசியில் உயிரைக் குடித்தது குளியலறைச் சுவரில் இருந்த ஒரு சின்ன விளக்கு.

பல்பு மாற்றப் போய்ச் செத்தார் என்றுதான் உலகம் முழுக்கக் கதை பரவியது. ஆனால் நடந்தது அதைவிடச் சாதாரணமான காரியம். சுவர் விளக்கு கோணலாக இருந்தது. தொட்டியில் நின்றபடியே அதை நேராக்கக் கை நீட்டினார். எதிலும் சின்னக் குறைகூட இருக்கக் கூடாது என்று நினைக்கிற மனிதர் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் விஷயம். கோணலாக ஒன்று கண்ணில் பட்டால் அவர் கை சும்மா இருக்காது. தீயணைப்புப் படையினர் வந்து முயன்றும் காப்பாற்ற முடியவில்லை.

இந்த விபத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் ஆள் பிரபலம் என்பது மட்டுமல்ல. இதில் சிக்கலான பழுது எதுவும் இல்லை. ஈர உடம்பு, கை எட்டும் தூரத்தில் ஒரு விளக்கு, இரண்டுக்கும் நடுவில் எந்தத் தடுப்பும் இல்லை. குளியலறை மின்விதிகள் எல்லாமே இந்த மூன்றைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

மின்சாரம் போன வழி

மின்சாரம் ஒருவரைத் தாக்க அது உள்ளே வர ஓர் இடமும் வெளியே போக ஓர் இடமும் வேண்டும். இங்கே உள்ளே வந்த இடம் கை. வெளியே போன இடம் தொட்டியில் நின்ற கால். அந்தக் காலத்து ஐரோப்பியத் தொட்டிகள் பெரும்பாலும் எனாமல் பூசிய இரும்பு, கழிவுநீர்க் குழாயும் உலோகம்தான். ஆக, தொட்டியில் நிற்பவர் ஏறத்தாழ பூமியோடு இணைக்கப்பட்டவர். கையிலிருந்து காலுக்குப் போகும் வழியில் நெஞ்சு இருக்கிறது. இதயத்துக்கு இதைவிட மோசமான பாதை அதிகம் இல்லை.

உலர்ந்த தோலுக்கு நல்ல மின்தடை உண்டு. காய்ந்த கையோடு, செருப்புக் காலோடு சுவிட்சைத் தொட்டு "சுர்ரென்று" இழுத்ததோடு தப்பித்தவர்கள் ஊரெல்லாம் இருப்பதற்கு அதுதான் காரணம். தோல் ஊறிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நனைந்த உடம்பில் கையிலிருந்து காலுக்கான தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக் கணக்குப் போடலாம். பிரான்சின் அன்றைய வீட்டு மின்னழுத்தம் 220 வோல்ட். வகுத்தால் 220 மில்லி ஆம்பியர்.

அந்த எண்ணுக்கு அர்த்தம் என்னவென்று பார்ப்போம். அரை மில்லி ஆம்பியரிலேயே லேசான குறுகுறுப்பு தெரியும். 10 மில்லி ஆம்பியர் வாக்கில் கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். 30-லிருந்து 50-ஐத் தாண்டி அது ஒரு விநாடி போல நீடித்தால் இதயத்தின் துடிப்புத் தாளம் கலைந்து ரத்தத்தைத் தள்ளும் வேலை நின்றுபோகலாம். 220 என்பது அதற்கெல்லாம் மிக மேலே.

இதே 220 வோல்ட்டில் ஒரு 60 வாட் பல்பு எரிய எவ்வளவு மின்னோட்டம் தேவை? சுமார் 270 மில்லி ஆம்பியர். அதாவது ஒரு மனிதனைக் கொல்லும் மின்னோட்டம் ஒரு குண்டு பல்பு எடுப்பதைவிடக் குறைவு. ஃபியூஸின் கண்ணுக்கு, எம்சிபியின் (மின்னோட்டம் அளவை மீறினால் தானே விழும் சுவிட்ச்) கண்ணுக்கு, அங்கே ஒரு பல்பு எரிகிறது, அவ்வளவுதான். 6 ஆம்பியர் எம்சிபி 6 ஆம்பியரைத் தாண்டினால்தான் யோசிக்கவே ஆரம்பிக்கும். "எங்க வீட்ல எம்சிபி போட்டிருக்கோம், ஷாக் அடிச்சா விழுந்துடும்" என்று தெம்பாகச் சொல்பவர்களிடம் இந்த ஒரு கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. எம்சிபி காப்பது ஒயரை. ஆளை அல்ல.

எது காப்பாற்றியிருக்கும்?

முதலில் எர்த். உலோக விளக்கின் உடம்பு முறையாக எர்த் செய்யப்பட்டிருந்து, உள்ளே ஃபேஸ் ஒயர் அந்த உடம்பைத் தொட்டிருந்தால், அந்த நொடியே மின்னோட்டம் எர்த்துக்குப் பாய்ந்து ஃபியூஸோ மெயின் பிரேக்கரோ இணைப்பை வெட்டியிருக்கும். யாரும் தொடும் முன்னே விளக்கு அணைந்திருக்கும். ஆனால் எர்த் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. கழன்ற ஒயர் நுனியையோ, ஹோல்டரின் உள்பகுதியையோ விரல் நேரடியாகத் தொட்டுவிட்டால் எர்த் ஒன்றும் செய்யாது. இன்னும் சொன்னால், தொட்டி நன்றாக எர்த் ஆகியிருக்க, விளக்கில் மட்டும் கசிவு இருந்தால், நிற்பவருக்கு அது கூடுதல் ஆபத்து. குளியலறையில் இருக்கும் உலோகம் எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கட்டி எர்த்தோடு சேர்க்கச் சொல்வது அதனால்தான். ஒன்றைத் தொட்டு இன்னொன்றில் நின்றாலும் இரண்டுக்கும் இடையில் வோல்டேஜ் இருக்கக் கூடாது.

இரண்டாவது, கசிவைப் பார்க்கும் கருவி. நம் ஊரில் ஆர்சிசிபி என்கிறோம், சிலர் இன்னும் பழைய பழக்கத்தில் இஎல்சிபி என்பார்கள். வேலை எளிமையானது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டு ஒயரும் ஒரே இரும்பு வளையத்துக்குள் போகின்றன. போன மின்னோட்டம் அப்படியே திரும்பி வந்தால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், வளையம் அமைதியாக இருக்கும். கொஞ்சம் ஒரு மனித உடம்பு வழியாகப் பூமிக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொடும்போது கருவி 0.3 விநாடிக்குள் இணைப்பை வெட்ட வேண்டும். வித்தியாசம் 150-ஆக இருந்தால் 0.04 விநாடிக்குள். ஷாக் அடிக்கத்தான் செய்யும், அலறத்தான் செய்வோம். ஆனால் இதயம் தாளம் தப்பும் முன்னே மின்சாரம் போயிருக்கும்.

இந்தத் தொழில்நுட்பம் 1978-ல் புதிதல்ல. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், எவ்வளவு மின்னோட்டம் வரை ஒரு மனிதரால் பிடித்ததை விட முடிகிறது என்பதைத் தன்னார்வலர்களை வைத்தே அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று வந்தது. அந்த அளவுகளை மனதில் வைத்து 1961-ல் அவர் உருவாக்கிய கருவிதான் அமெரிக்க வீடுகளில் கசிவைப் பார்க்கும் ஜிஎஃப்சிஐ. 1975-ல் அமெரிக்க மின்விதித் தொகுப்பு, வீட்டுக் குளியலறை சாக்கெட்டுகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் இங்கே ஒரு சங்கதி இருக்கிறது. அந்த விதி சாக்கெட்டுக்குத்தான். பாரிஸ் வீட்டில் கை பட்டது சுவரில் பொருத்திய விளக்கு. அமெரிக்க விதியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பாரிஸில் வைத்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார்.

பிரான்சில் வீட்டு மெயினிலேயே கசிவைப் பார்க்கும் பிரேக்கர் வைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் அதன் அளவு 500 மில்லி ஆம்பியர். தீ பிடிக்காமல் தடுக்க அது போதும். 220 மில்லி ஆம்பியர் ஓர் உடம்பு வழியே போவது அதற்குத் தெரியவே தெரியாது. கசிவைப் பார்க்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டால் போதாது, எத்தனை மில்லி ஆம்பியர் என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம் டிபி பாக்ஸ்களிலும், அதாவது எம்சிபிகள் இருக்கும் பெட்டிகளிலும், 100, 300 என்று எழுதிய ஆர்சிசிபிகளைப் பார்க்க முடிகிறது. அடிக்கடி ட்ரிப் ஆகாது என்பதற்காகவே சிலர் வாங்கிப் போடுகிறார்கள். அதன் முகப்பில் உள்ள எண்ணைப் போய்ப் பாருங்கள். 0.03 அல்லது 30 என்று இல்லையென்றால் அது உங்களுக்காக வைத்தது அல்ல.

குளியலறையின் எல்லா மின்சுற்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு கட்டாயம் என்ற நிலைக்குப் பிரான்ஸ் வந்தது 1991-ல். பிரிட்டன் 2008-ல்.

விதியை அளந்தது கைதான்

மூன்றாவது பாதுகாப்பு தூரம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காரணம், இது கெட்டுப்போகாது, துரு ஏறாது, யாரும் பைபாஸ் பண்ண முடியாது.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசியின் 60364 தொகுப்பில் குளியலறைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பிரான்சின் விதிகளுக்கும் பிரிட்டனின் விதிகளுக்கும் இந்தியாவின் வயரிங் விதித் தொகுப்பான ஐஎஸ் 732-க்கும் சிந்தனை அதே வழிதான். அது குளியலறையை மண்டலங்களாகப் பிரிக்கிறது. தொட்டியின் உள்ளே, தண்ணீர் நிற்கும் இடம், மண்டலம் 0. தொட்டிக்கு நேர் மேலே தரையிலிருந்து 2.25 மீட்டர் வரை மண்டலம் 1. அதிலிருந்து பக்கவாட்டில் இன்னும் 0.6 மீட்டர், மண்டலம் 2.

2.25 எங்கிருந்து வந்தது? தொட்டியில் நிற்கும் ஆள் கையை மேலே தூக்கினால் விரல் போகிற உயரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 0.6 மீட்டர்? தொட்டிக்குள் நின்றபடி கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பாருங்கள். மண்டலம் 2-க்கும் வெளியே பிரிட்டன் சாக்கெட்டுக்கு இன்னொரு எல்லை வைக்கிறது. மண்டலம் 1-ன் ஓரத்திலிருந்து 3 மீட்டருக்குள் சாதாரண சாக்கெட் கூடாது என்று இருந்தது, 2022 திருத்தத்தில் 2.5 மீட்டர் ஆனது. இது வெறும் கைக்காக மட்டுமல்ல. ஒயர் உள்ள ஹேர் டிரையரைச் சொருகிக்கொண்டு தொட்டிக்குள் வந்துவிடக் கூடாதே என்ற கவலையும் அதில் இருக்கிறது. அமெரிக்காவில் தண்ணீரில் விழுந்த ஹேர் டிரையரால் பலர் இறந்து, 1991 முதல் அந்தக் கருவியின் ஒயரிலேயே, சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் தண்ணீரைக் கண்டதும் வெட்டிவிடும் பாதுகாப்பு வேண்டும் என்றாகிவிட்டது.

பாரிஸ் விளக்கை இந்தக் கட்டத்துக்குள் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். தொட்டியில் நின்றபடி கை எட்டியது என்றாலே அது மண்டலம் 1, அல்லது 2. இன்றைய பிரெஞ்சு விதிப்படி மண்டலம் 1-ல் விளக்கு வைக்க வேண்டுமானால் 12 வோல்ட் விளக்குதான் வைக்கலாம், அதற்கான டிரான்ஸ்ஃபார்மர் வெளியே இருக்க வேண்டும். மண்டலம் 2-ல் 230 வோல்ட் விளக்கு வைக்கலாம். ஆனால் இரட்டைக் காப்பு உள்ளதாக, அதாவது தொடக்கூடிய உலோகம் எதற்கும் உள்ளே இருக்கும் மின்சாரத்தோடு ஒட்டே இல்லாததாக, தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகாததாக இருக்க வேண்டும். அப்படி ஒரு விளக்கு கோணலாக இருந்தால் நேராக்கிவிட்டுக் குளியலைத் தொடரலாம்.

ஜாக்கிரதையாக இரு என்று எந்த மண்டலத்துக்கான விதியும் சொல்வதில்லை. அவசரத்தில், தூக்கக் கலக்கத்தில், சோப்பு நுரை கண்ணில் இருக்கும்போது ஒருவர் எதையாவது தொடத்தான் செய்வார் என்று அது முன்கூட்டியே ஒத்துக்கொள்கிறது. தொட்டாலும் சாகக் கூடாது, அல்லது தொட முடியாத இடத்தில் இருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு "ஈரக் கையோட ஏன் தொட்டார்?" என்று கேட்பவர்கள் பழியை இறந்தவர் மேல் போடுகிறார்கள். கேட்க வேண்டியது, தொடும் தூரத்தில் ஏன் வைத்தார்கள் என்று.

சுவிட்ச் விஷயமும் இதேதான். பிரிட்டனில் குளியலறைக்குள் சுவர் சுவிட்சுக்குப் பதில் கூரையிலிருந்து கயிறு தொங்கும். இழுத்தால் விளக்கு எரியும், ஈரக் கை படுவது நூலில். நம் வீடுகளில் பழைய கொத்தனார்களும் எலக்ட்ரீஷியன்களும் பாத்ரூம் சுவிட்சைக் கதவுக்கு வெளியே வைத்தார்கள். உள்ளே இருக்கும்போது தம்பி விளக்கை அணைத்து விளையாடுவான் என்ற தொல்லை உண்டுதான். இருந்தாலும் அருமையான வழக்கம். இப்போது அட்டாச்ட் பாத்ரூம்களில் அழகுக்காகக் கண்ணாடிக்குப் பக்கத்தில், வாஷ்பேசின் மேலேயே சுவிட்சும் சாக்கெட்டும் சேர்ந்த மாடுலர் பிளேட் வைக்கிறார்கள். பின்னால் இருக்கும் பெட்டிக்குள் ஈரம் இறங்கி டெர்மினல் பச்சை பூத்துப்போனதை அதைக் கழற்றியவர்கள் பார்த்திருப்பார்கள்.

சுவிட்சைப் பற்றி இன்னொன்று. ஆஃப் செய்துவிட்டேன் என்பது குளியலறையில் முழுப் பாதுகாப்பு இல்லை. சாதாரண சுவிட்ச் ஒரு ஒயரைத்தான் வெட்டும். வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறிப்போயிருந்தால் சுவிட்ச் வெட்டுவது நியூட்ரலை. விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும். கீசருக்கு இரண்டு ஒயரையும் சேர்த்து வெட்டும் டபுள் போல் சுவிட்ச் வேண்டும் என்பது அதனால்தான்.

நம் பாத்ரூமில் இந்த அளவுகள்

நம் ஊர் பாத்ரூமில் தொட்டி கிடையாது. தரையில் நின்று குளிக்கிறோம். தொட்டியோ தட்டோ இல்லாத ஷவருக்கு ஐஇசி தனியாக ஓர் அளவு தருகிறது. தண்ணீர் வரும் இடத்திலிருந்து சுற்றிலும் 1.20 மீட்டர் தூரம் வரை மண்டலம் 1. ஏறத்தாழ 4 அடி. இப்போது உங்கள் பாத்ரூமை நினைத்துப் பாருங்கள். 4 அடிக்கு 7 அடி, பெரிதாக இருந்தால் 5-க்கு 8. ஷவர் ஒரு சுவரில். அதிலிருந்து 4 அடி என்றால் பாதி அறைக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தில் டாய்லெட், வாஷ்பேசின். கை எட்டும் உயரத்தில் சாக்கெட் வைக்க அறைக்குள் நியாயமான இடமே இல்லை. வாஷிங் மெஷினை உள்ளே வைத்திருப்பவர்கள் பிளக் பாயின்ட்டையாவது வெளிச் சுவருக்குக் கொண்டுபோவது நல்லது.

கீசர் சாக்கெட்டுக்கு வழக்கமாக "ஏழடியில பாயின்ட் போடுப்பா" என்பார்கள். ஏழடி என்பது 2.13 மீட்டர். மண்டலம் 1 முடிவது 2.25-ல். அரையடி ஏற்றி ஏழரை அடியில், 2.29 மீட்டரில் வைத்திருந்தால் எல்லைக்கு வெளியே போயிருக்கும். சுவர் உடைக்கும்போதே யோசித்தால் ஒரு பைசா கூடுதல் செலவு இல்லாத திருத்தம் இது.

அப்புறம் கீசர். நம்மிடம் பாரிஸ் விளக்குக்கு நிகரான ஆபத்து அதுதான், வாளியில் போடும் ஹீட்டர் ராடுக்கு அடுத்தபடியாக. ராடைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல். கீசரின் உள்ளே உலோகக் குழாய்க்குள் அடைத்த சூடேற்றும் கம்பி இருக்கிறது. போர் தண்ணீரின் உப்பு படிந்து படிந்து அந்தக் குழாய் அரித்து ஓட்டை விழுந்தால் ஃபேஸ் நேராகத் தண்ணீரைத் தொடுகிறது. எர்த் சரியாக இருந்தால் ஆர்சிசிபி விழும். எர்த் இல்லையென்றால் கீசர் தொட்டியின் உடம்பும், அதோடு சேர்ந்த உலோகக் குழாயும், ஷவரும் மெதுவாக உயிர் பெறுகின்றன. "குழாயைத் தொட்டா லேசா ஜிவ்வுங்குது" என்று யாராவது சொன்னால் அது சுவாரசியமான தகவல் அல்ல, கீசரை அந்த நிமிடமே பிளக்கைப் பிடுங்கி நிறுத்த வேண்டிய எச்சரிக்கை. செருப்புப் போட்டுக்கொண்டு குளிக்கிறேன் என்பதெல்லாம் பதில் இல்லை.

எர்த் இருக்கிறதா என்பதை மூன்று ஓட்டை உள்ள சாக்கெட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாமல் இருக்கலாம். இன்னும் மோசம், நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் பின்னில் லூப் போட்டிருப்பார்கள். டெஸ்ட் லாம்ப் வைத்தால் பளிச்சென்று எரியும், எல்லாம் சரி என்று தோன்றும். எங்காவது நியூட்ரல் அறுந்த அன்றைக்குக் கீசரின் உடம்பு முழுக்க ஃபேஸ். இதைச் செய்கிற ஆளைத் திரும்ப வீட்டுக்குள் விடக் கூடாது என்பது என் கருத்து.

மழைக்காலத்தில் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேரடியாக இணைத்துவிடுவது இன்னொரு வழக்கம். அது விழுவதற்கு எங்கோ கசிவு இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஒவ்வொரு எம்சிபியாக ஆஃப் செய்து பார்த்தால் எந்த லைன் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் நியூட்ரல்கள் கலந்திருக்கலாம், எலக்ட்ரீஷியன் ஒயரின் காப்பை அளக்கும் மெகர் வைத்துப் பார்க்க வேண்டும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துவது நல்ல பழக்கம். ஆனால் அது கருவி வேலை செய்கிறது என்றுதான் சொல்லும், எர்த் இருக்கிறது என்று சொல்லாது.

பலர் கவனிக்காத ஓட்டை இன்வெர்ட்டர். பாத்ரூம் விளக்கையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருப்போம். கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது மின்சாரம் புறப்படுவது இன்வெர்ட்டரிலிருந்து. மெயினில் இருக்கும் ஆர்சிசிபிக்கு அந்த நேரத்தில் அங்கே வேலையில்லை. இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்குத் தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதற்கென்று கலக்காத தனி நியூட்ரல், இரண்டும் வேண்டும். வீட்டு வயரிங் முடிந்து பெயின்ட் அடித்த பிறகு இதைக் கேட்டால் எலக்ட்ரீஷியன் முகம் சுளிப்பார். பைப் பதிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.